புறக்கணித்த காற்றைத் திரும்பக் கொண்டுவா

அன்புள்ள கயல்,

உன் வகுப்பு மாணவி ஒருத்தியின் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்று நேற்று இரவு போனில் நீ கேட்டதற்கு நாலு வார்த்தையில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் உனக்கு இருக்கும், தெரியும். ஆனாலும் பொருள்கள் விழுவதைப் பற்றிய இந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு பீரியட் கூடுதலாக எடுத்துக்கொள் கண்ணு. வேறு எங்கேயாவது குறைத்துக்கொள்ளலாம்.

உன் வகுப்பில் அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. "எல்லாம் ஒரே மாதிரி விழும்னு சொல்றீங்க டீச்சர், கல்லு டக்குன்னு விழுது, இலை ஆடி ஆடித்தானே விழுது?" நீ புத்தகத்தில் உள்ளபடி "காற்றின் தடையைப் புறக்கணித்தால்" என்று சொன்னாய். அவளும் சரி என்று உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் தெளிவு இல்லை என்று நீயே சொன்னாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அவள் பிறந்ததிலிருந்து காற்றுக்குள்ளேதான் இருக்கிறாள். அவள் பார்த்த ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு மழைத்துளியும் காற்று வழியாகத்தான் விழுந்தது. அதைப் புறக்கணி என்று சொன்னால், தன் கண்ணையே புறக்கணிக்கச் சொல்வதாகத்தானே அவளுக்குப் படும்?

நம் பாடப்புத்தகங்களில் எனக்கு நெடுநாள் வருத்தம் இது. ஒன்பதாம் வகுப்பில் ஒரே வரியில் காற்றை வெளியே அனுப்பிவிடுகிறோம். அது திரும்பி வருவது பதினோராம் வகுப்பில், திரவங்கள் தமக்குள் நகர்வதைத் தடுக்கும் பாகுநிலை பற்றிய பாடத்தில், அதுவும் எண்ணெய்க்குள் இறங்கும் குண்டைப் பற்றிப் பேசும்போது. இடையில் படிப்பை மாற்றிக்கொள்கிற பிள்ளைகள், இலை ஏன் மெதுவாக விழுகிறது என்று கடைசிவரை கேட்காமலே போய்விடுகிறார்கள். இயற்பியல் என்பது வேறு ஏதோ உலகத்தைப் பற்றியது என்ற எண்ணம் அங்கேதான் விழுகிறது. நீ அப்படி விடாதே. முதலில் காற்றை எடுத்துவிட்டுக் காட்டு. அப்புறம் அதே காற்றைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துக் காட்டு.

அந்தப் பெண் சொன்னதைத்தான் அரிஸ்டாட்டிலும் சொன்னார். எடை அதிகமானால் வேகம் அதிகம் என்றார். அவரை வகுப்பில் கேலிப்பொருளாக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது, அதைச் செய்யாதே. தண்ணீரில் கூழாங்கல்லையும் மணலையும் போட்டால் கூழாங்கல்தான் முதலில் அடியில் போய்ச் சேரும். சுற்றியிருக்கும் ஊடகத்தோடு சேர்த்தே அவர் பார்த்தார். அவர் சொன்ன விகிதம்தான் தவறு. பத்து மடங்கு எடையுள்ள கல் பத்து மடங்கு வேகமாக விழாது. கி.பி. 6ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் பிலோபொனஸ் என்பவர், எடையில் பெரிய வித்தியாசம் உள்ள இரண்டு பொருள்களைப் போட்டுப் பாருங்கள், விழும் நேரத்தில் வித்தியாசம் மிகக் கொஞ்சம்தான் என்று எழுதிவிட்டார்.

கலிலியோ என்றதும் பைசா கோபுரம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அந்தக் கதை அவருடைய மாணவர் விவியானி பின்னால் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. தானே அப்படிச் செய்ததாகக் கலிலியோ எங்கும் எழுதவில்லை. அதனால் கோபுரத்திலிருந்து போட்டுக் காட்டினார் என்று அடித்துச் சொல்லாமல், அப்படி ஒரு கதை இருக்கிறது என்று மட்டும் சொல். உறுதியாகச் சொல்லவேண்டுமென்றால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தைச் சொல்லலாம். அங்கே கணித அறிஞர் சைமன் ஸ்டெவினும் அவருடைய நண்பர் டி குரூட்டும், ஒன்றைவிட ஒன்று பத்து மடங்கு எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து கீழே இருந்த பலகைமேல் போட்டார்கள். இரண்டு சத்தம் கேட்கவில்லை. ஒரே சத்தமாகக் கேட்டது. ஸ்டெவின் இதை 1586-இல் அச்சிட்டுவிட்டார். கண்ணை நம்பாமல் காதை நம்பினார்கள் பார், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கண் ஏமாறும் இடத்தில் காது ஏமாறாது. உன் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும்.

கலிலியோவிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது வேறு ஒன்று. எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் யோசனையில் அவர் அரிஸ்டாட்டிலை மடக்கிய விதம். பெரிய கல் வேகமாக விழும், சின்னக் கல் மெதுவாக விழும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரு கயிற்றால் கட்டிப் போடு. சின்னது பெரியதைப் பின்னுக்கு இழுக்கும், அதனால் பெரிய கல் தனியாக விழுவதைவிட இது மெதுவாக விழவேண்டும். ஆனால் கட்டியபின் மொத்த எடை கூடிவிட்டதே, அப்படியானால் இன்னும் வேகமாக அல்லவா விழவேண்டும்? ஒரே பொருள் ஒரே நேரத்தில் வேகமாகவும் மெதுவாகவும் விழமுடியாது. ஆக, தொடக்கத்தில் வைத்துக்கொண்டதே தப்பு. இதைக் கரும்பலகையில் எழுதாதே. வாயால் சொல்லிவிட்டு நிறுத்து. வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகள் அப்படியே நிமிர்ந்து உட்காருவார்கள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் அந்த நிமிர்வுக்காகவே இந்தப் பாடத்துக்குக் காத்திருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. 1638-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் கலிலியோ காற்றை ஒளித்துவைக்கவில்லை. நூறு முழ உயரத்திலிருந்து போட்டால் பெரிய குண்டு சின்னதை இரண்டு விரற்கடை முந்தும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த இரண்டு விரற்கடைக்குக் காரணம் காற்று. அரிஸ்டாட்டில் கணக்குப்படி பார்த்தால் பெரிய குண்டு தரையைத் தொடும்போது சின்னது இன்னும் உயரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இனி ஏன் என்று கேட்பார்கள். 10 கிலோ கல்லைப் பூமி 98 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. 1 கிலோ கல்லை 9.8 நியூட்டன் விசையோடுதான் இழுக்கிறது. பெரிய கல்லுக்கு இழுப்பு பத்து மடங்கு. ஆனால் அதை அசைக்க வேண்டிய பாடும் பத்து மடங்கு. இரண்டும் சரிக்குச் சரியாகப் போய், விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் வேகம் கூடுவது இரண்டுக்கும் பொதுவாகிறது. இதைச் சொல்லிவிட்டு உடனே அடுத்ததற்குப் போய்விடாதே. இழுப்பைத் தீர்மானிக்கும் நிறையும், அசைய மறுக்கும் நிறையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியலை இந்தக் கேள்வியில்தான் தொடங்கினார். 2016-இல் பிரான்ஸ் அனுப்பிய மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோள், டைட்டானியத்தையும் பிளாட்டினக் கலவையையும் பூமியைச் சுற்றி விழவிட்டு இதையே சோதித்தது. லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் நுணுக்கமாக அளந்தும் வித்தியாசம் தென்படவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒரு கல்லையும் இலையையும் வைத்துத் தொட்டுவிட்டாள் என்று அவளிடமே சொல்.

காற்றை எடுத்துவிட்டுக் காட்ட உன்னிடம் வெற்றிடப் பம்பு இருக்காது. நோட்டுப் புத்தகமும் ஒரு தாளும் போதும். தனித்தனியாகப் போட்டால் நோட்டு முதலில் விழும். தாளை நோட்டின் மேலேயே விளிம்பு வெளியே நீட்டாமல் வைத்துப் போட்டால் இரண்டும் ஒட்டியபடியே வந்து சேரும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் எழுந்து, நோட்டு காற்றைத் தள்ளிவிட்டு வழிவிடுகிறது, தாள் அதன் நிழலில் வருகிறது என்பான். அவன் சொல்வது உண்மை. மறுக்காதே. அதே தாளை எடுத்து உருண்டையாகக் கசக்கு. எடை அப்படியே இருக்கிறது, ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. இப்போது நோட்டோடு சேர்த்துப் போடு. கிட்டத்தட்டச் சேர்ந்தே விழும். தாளை மெதுவாக்கியது எடைக் குறைவு மட்டும் என்றால், கசக்கியதால் எதுவும் மாறியிருக்கக் கூடாதே? போனில் ஸ்லோ மோஷனில் படம்பிடித்துத் திரும்பப் போட்டுக் காட்டு. என் காலத்தில் இந்த வசதி இல்லை.

இதற்குப் பிறகு நிலாவைக் காட்டு. 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்பல்லோ 15-இன் தலைவர் டேவிட் ஸ்காட் நிலாத் தரையில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் பிடித்திருந்தார். சுத்தியல் 1.32 கிலோ, இறகு வெறும் 30 கிராம். அவர்கள் இறங்கிய கலத்துக்கு ஃபால்கன் என்று பெயர், அதனால்தான் வல்லூறு இறகு. இரண்டையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. வீடியோ இணையத்தில் கிடைக்கும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த வீடியோவால் இன்னொரு நன்மையும் உண்டு. காற்று இல்லாத இடத்தில் ஈர்ப்பும் இல்லை என்று நிறையப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். காற்றுதான் நம்மை அழுத்திக் கீழே வைத்திருக்கிறது என்று கல்லூரி வரைக்கும் நினைப்பவர்கள் உண்டு. நிலாவில் காற்று இல்லை, ஆனால் சுத்தியல் விழுந்ததே! மிதக்கவில்லையே! அங்கே ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. தோள் உயரத்திலிருந்து விட்டால் தரையைத் தொட ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும், நம் ஊரில் அரை விநாடிதான். காற்று வேறு, ஈர்ப்பு வேறு என்பதை இந்த ஒரு காட்சியே பதிய வைத்துவிடும்.

விழும் பொருளின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பதைக் காதுக்குக் காட்டவும் ஒரு வழி இருக்கிறது. ஒரு நூலில் ஐந்து நட்டுகள் கட்டு. முதல் நட்டு நூலின் நுனியில். அதிலிருந்து 10, 40, 90, 160 சென்டிமீட்டரில் மற்ற நான்கும். பெஞ்சுமேல் ஏறி, நுனி நட்டு தரையில் வைத்த ஸ்டீல் தட்டைத் தொடும்படி நூலைத் தொங்கவிட்டு, விட்டுவிடு. இடைவெளி மேலே போகப்போகப் பெரிதாகிறது, ஆனால் தட்டில் விழும் ஓசை தாளம் தவறாமல் டக் டக் டக் டக் என்று சீராகக் கேட்கும். அப்புறம் இன்னொரு நூலில் சம இடைவெளியில் கட்டிப் போட்டால் ஓசை நெருங்கி நெருங்கி வரும். கலிலியோ சாய்தளத்தில் கண்டுபிடித்த 1, 3, 5, 7 என்ற வரிசை அந்த நூலிலேயே இருக்கிறது. 10-க்கும் 40-க்கும் இடையே 30, 40-க்கும் 90-க்கும் இடையே 50, பிறகு 70. பாட்டு கற்கும் பிள்ளைகள் இதை முதலில் பிடித்துக்கொள்வார்கள்.

இவ்வளவு ஆனபிறகு காற்றைத் திரும்ப உள்ளே விடு. உண்மையில் ருசியான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் ஊட்டியில் மழைக்குப் பஞ்சமில்லை. ஜன்னலுக்கு வெளியே பெய்வதையே எடுத்துக்கொள். 2 கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து ஒரு துளி காற்றே இல்லாமல் விழுந்தால், தரைக்கு வரும்போது அதன் வேகம் விநாடிக்கு 198 மீட்டர். மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். மழை பெய்தால் தேயிலைச் செடியில் ஒரு கொழுந்து மிஞ்சாது, குடை பிடித்தும் பயனில்லை. நிஜத்தில் 2 மில்லிமீட்டர் துளி விநாடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில்தான் வருகிறது, சைக்கிள் வேகம்தான். 5 மில்லிமீட்டர் பெருந்துளி 9 மீட்டர். அரை மில்லிமீட்டர் தூறல் 2 மீட்டர். மேகத்துக்குள் இருக்கும் நுண்துளி, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே இறங்குகிறது. மேகம் ஏன் விழவில்லை என்று யாராவது கேட்டால், விழுந்துகொண்டுதான் இருக்கிறது, கீழிருந்து லேசாக ஒரு காற்று ஏறினாலே தாங்கிவிடும் என்று சொல்லலாம்.

நாம் கரும்பலகையில் எழுதியதற்கு நேர் எதிராக, இங்கே பெரிய துளிதான் வேகமாக விழுகிறது. அந்தப் பெண் சொன்னது இங்கே முழுக்கச் சரி. காரணத்தை நிதானமாகச் சொல். விழத் தொடங்கும்போது வேகம் இல்லை, தடையும் இல்லை. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஒரு கட்டத்தில் மேலே தள்ளும் காற்றும் கீழே இழுக்கும் எடையும் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூடாது. அதைத்தான் முற்றுத்திசைவேகம் என்கிறோம். இந்த இடத்தில் கொஞ்சம் நில். விசைகள் சமமாகிவிட்டால் துளி நின்றுவிடும் என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். நிற்காது, இருக்கிற வேகத்திலேயே தொடர்ந்து வரும். நியூட்டனின் முதல் விதியை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகளே இங்கே தடுமாறுவார்கள். அந்த விதி நிஜமாகப் புரிகிற இடம் இந்த மழைத்துளிதான் என்று நான் நினைக்கிறேன்.

துளியின் விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், காற்று மோதும் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். எடைக்கு ஈடாகக் காற்று தள்ளவேண்டுமானால் துளி இன்னும் வேகமாக வந்தாகவேண்டும். எறும்பு எந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் எழுந்து நடந்துபோவதும் இதே கணக்கினால்தான். சின்ன உடம்புக்கு எடையைவிடப் பரப்பு அதிகம். மேக நுண்துளி மாதிரி மிகச் சின்னவற்றுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு, அங்கே தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் போகும். அது பதினோராம் வகுப்பு ஸ்டோக்ஸ் விதி, இப்போது வேண்டாம். மழைத்துளியைக் கண்ணீர்த்துளி மாதிரி வால் வைத்து வரையவும் விடாதே. சின்னத் துளி உருண்டையாக இருக்கும். பெரிய துளி காற்று அழுத்தி அடிப்பக்கம் தட்டையாகி, பன் ரொட்டி மாதிரி இருக்கும். இன்னும் பெரிதானால் உடைந்துபோகும்.

பாரிஸில் இருந்தாலும் பாபநாசத்தில் இருந்தாலும் நியூட்டன் என்றால் ஆப்பிள் ஒன்றைத்தான் சொல்வார்கள். அவர் காற்றை எவ்வளவு மதித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. ராபர்ட் பாயில் என்ற அறிஞர் பம்பால் காற்றை எடுத்து உண்டாக்கிய வெற்றிடத்தில் மெல்லிய இறகுத் தூவியும் தங்கத் துண்டும் சம வேகத்தில் இறங்குகின்றன என்று எழுதியவர் அவர். அதே மனிதர் காற்றின் தடையை அளக்கவும் ஏற்பாடு செய்தார். 1710-இல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உள்ளே, 220 அடி உயரத்திலிருந்து கண்ணாடிக் குண்டுகளைப் போட்டார்கள். ஹாக்ஸ்பி என்ற ஆய்வாளர் செய்த சோதனை அது. பாதரசம் நிரப்பியவை 4 விநாடியில் தரைக்கு வந்தன. வெறும் காற்று நிரம்பியவை அதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டன. 1719-இல் டெசாகுலியே என்ற இன்னொரு ஆய்வாளர் இன்னும் மேலே, 272 அடிக்குப் போய், பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி உருண்டையாக்கிப் போட்டார். ஈயக் குண்டு நாலேகால் விநாடியில் வந்துவிட, பைகள் இருபது விநாடி அளவுக்கு இழுத்தன. நியூட்டன் இந்த எண்களை எடுத்துத் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். விதியை எழுதியவரே புறக்கணிக்காத காற்றை நாம் ஏன் புறக்கணிக்க வேண்டும்?

இப்போது உன் தாத்தாவின் களத்துக்கு வருகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருப்பாய், இப்போது எல்லாம் அறுவடை இயந்திரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கதிரடித்து முடிந்ததும் காற்று வாட்டம் பார்த்து நின்று, கூடையைத் தலைக்கு மேலே தூக்கி நெல்லைச் சீராகச் சரியவிடுவார்கள். நெல் காலடியில் குவியும். பதர் தள்ளிப்போய் விழும். இரண்டுக்கும் நடுவில் பால் முழுதாகப் பிடிக்காத கருக்காய் கிடக்கும். சிறுமியாக அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் அதில் இருக்கும் இயற்பியலை ஆசிரியையான பிறகுதான் கவனித்தேன். நெல்லுக்கும் பதருக்கும் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான். அதே உமி, அதே நீளம். உள்ளே அரிசி இல்லை என்பதுதான் வித்தியாசம். அதாவது காற்று இரண்டையும் ஒரே மாதிரிதான் தள்ளுகிறது, எடைதான் வேறு. அதே தள்ளல் கனமான நெல்லைக் கொஞ்சம்தான் அசைக்கிறது, பதரைத் தூக்கிக்கொண்டு போகிறது. கருக்காய்க்கு எடை நடுத்தரம், இடமும் நடுத்தரம். தராசே இல்லாமல் ஒவ்வொரு மணியையும் காற்று எடைபோட்டுப் பிரித்து வைக்கிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் ஆட்கள் சொன்னது அந்த வேலையைத் தெரிந்து சொன்னது. காற்று இல்லாத நிலாவில் நெல் தூற்ற முடியாது என்று சொல்லிப் பார், பிள்ளைகள் ஏன் என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். உன் வகுப்பில் சமவெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்.

எப்போது காற்றைக் கணக்கில் சேர்க்கவேண்டும், எப்போது விட்டுவிடலாம் என்பதையும் பழக்கிவிடு. 15 மீட்டர் தென்னையிலிருந்து உரிக்காத தேங்காய் விழுந்தால், காற்றே இல்லாத கணக்கில் விநாடிக்கு 17 மீட்டர், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் வரும். நிஜத்தில் காற்று இதில் சிறு பங்கைத்தான் குறைக்கும். அங்கே புறக்கணிக்கலாம், தப்பில்லை. அதே மரத்தின் பன்னாடை விழுந்தால் புறக்கணிக்க முடியாது. உங்கள் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் சில்வர் ஓக் மரத்தின் சிறகு வைத்த விதைக்கும் அப்படித்தான். அந்த விதை காற்றை நம்பியே செய்யப்பட்டது.

ஸ்கைடைவிங் பற்றிப் பையன்கள் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடு. உடம்பைப் பரப்பி விழுபவர் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் நிலைத்துவிடுவார். பாராசூட் விரிந்ததும் பரப்பு கூடி, விநாடிக்கு ஐந்தாறு மீட்டருக்கு இறங்கிவிடும். 2012 அக்டோபர் 14 அன்று ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். அங்கே காற்று மிக மெல்லியது என்பதால் மணிக்கு 1357 கிலோமீட்டர் வரை போய் ஒலியின் வேகத்தைத் தாண்டினார். கீழே வர வர, பாராசூட்டைத் திறக்காமலே அவருடைய வேகம் குறைந்தது. விழுந்துகொண்டே ஒருவர் எப்படி வேகம் குறையமுடியும் என்று கேட்டுவிட்டு அடுத்த பீரியட் வரை பதில் சொல்லாமல் இரு.

கடைசியாக உனக்கும் எனக்கும் ஒரு வேலை. பேக்கரியில் கப் கேக் வைக்கிற மடிப்புக் காகிதக் கிண்ணம் இருக்கிறதல்லவா, அதை வாய் மேலே பார்க்க விட்டால் ஆடாமல் நேராக இறங்கும், சட்டென்று முற்றுத்திசைவேகத்தையும் அடைந்துவிடும். நான்கு கிண்ணத்தை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் உருவம் அதேதான், எடை மட்டும் நான்கு மடங்கு. தடை வேகத்தின் இருமடிக்குப் போவதால் வேகம் இரட்டிப்பாகும். ஆகவே ஒற்றைக் கிண்ணத்தை 1 மீட்டர் உயரத்திலிருந்தும், நான்கு சேர்ந்ததை 2 மீட்டர் உயரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் விட்டால், கிட்டத்தட்ட ஒன்றாகத் தரைக்கு வரும். வகுப்பில் செய்து பார்.

அதோடு இன்னொன்று. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி இங்கே கும்பகோணத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் அடர்த்தியைக் கொஞ்சம் கூட்டினாலும் அவ்வளவுதான் வரும். அப்படியானால் ஒரே கிண்ணம் உன் ஊரில் என் ஊரைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு வேகமாக இறங்கவேண்டும். ஈர்ப்பு இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மாறுவது காற்று. நான் ஒரே பாக்கெட்டைப் பிரித்துப் பாதியைக் கூரியரில் அனுப்புகிறேன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மூடிவிட்டு, 3 மீட்டர் உயரத்திலிருந்து விடு. பிள்ளைகள் ஸ்லோ மோஷனில் எடுக்கட்டும், பத்துத் தடவையாவது எடுத்துச் சராசரி போடட்டும். அறையின் வெப்பநிலையையும் குறித்து வை. நான் இங்கே மாடிப்படி ஓரமாக அதே உயரத்தை அளந்து குறித்துவிட்டேன், அப்பா போனைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணையே உங்கள் பக்கத்துக் கணக்கை எழுதச் சொல். எழுதியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, எங்கள் எண்களோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா